பழைய காரின் இரண்டாம் விலை

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்குகிறவர் அதற்கு இரண்டு விலை கொடுக்கிறார். முதல் விலை, பேரம் பேசி முடித்து ஒரே நாளில் எண்ணிக் கொடுப்பது. இரண்டாம் விலை, பட்டறை வாசலில் நின்றுகொண்டு மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கொடுப்பது. முதல் விலையை எல்லாரும் அறிவர். இரண்டாம் விலையை, வண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகே பலர் அறிகின்றனர். வாங்குவதற்கு முன்னரே அதை ஓரளவு கணக்கிட இயலுமா என்பதே இப்பேச்சின் பொருள். இயலும். அதற்குப் பெரிய தொழில் வித்தை ஒன்றும் வேண்டுவதில்லை. பள்ளியில் படித்த பௌதிகமும் இரசாயனமும், அவற்றோடு சிறிது பொறுமையும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைப் பார்ப்போம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1984ஆம் ஆண்டு வெளிக்கொணர்ந்த ‘கான்டெசா’ என்னும் காரை நம் நாட்டின் ‘மசில் கார்’ என்று இளைஞர் பலர் கொண்டாடுகின்றனர். ‘மசில் கார்’ என்றால் தசைவலி படைத்த வண்டி என்று பொருள். அமெரிக்காவில் 1964இல் போன்டியாக் நிறுவனத்தார் நடுத்தர அளவுள்ள ஒரு காரில் 6.4 லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் உடைய பேரெஞ்சினைப் பொருத்தி, ‘ஜி.டி.ஓ.’ என்று பெயரிட்டு விற்றனர். அதன் வலிமை 325 குதிரைத்திறன். அவ்வகை வண்டிகளுக்கே அப்பெயர் உரியது.

நம் கான்டெசாவோ உருவத்தில் மல்லன். ஆனால் தொடக்கத்தில் மல்லனுக்குரிய வலிமை அதற்கு இல்லை. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் நிறுவனம் வடித்த பெரிய உடலை வாங்கி, அதனுள் அம்பாசிடர் காரில் இருந்த அதே 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினை வைத்தார்கள். வலிமை ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பின்னர் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும், ஐந்து கியர்ப் பெட்டியும் வந்த பிறகே உருவத்துக்கு ஏற்ற வலு சிறிது கிட்டியது. டீசல் எஞ்சினும் அதன்பின் வந்தது. 2002இல் கான்டெசா உற்பத்தி நின்றது; 2014இல் அம்பாசிடரும் நின்றது.

இவ்வரலாற்றை ஏன் சொல்கிறோம்? இரண்டாம் விலையின் முதற் குறிப்பு இதில்தான் இருக்கிறது. அம்பாசிடரோடு பொதுவான எஞ்சின் உள்ள வண்டிக்கு உதிரிப் பொருள்கள் எளிதில் அகப்படும். அதை அறிந்த மேஸ்திரிகளும் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் கண்ணாடி, விளக்கு, கதவுப் பூட்டு, முகப்புச் சட்டம் போன்ற உடலுறுப்புகள் கான்டெசாவுக்கே உரியவை. அவை உடைந்தால் பழைய வண்டியொன்றைப் பிரித்துத்தான் எடுத்தாக வேண்டும். ஆகவே உறுப்புகள் முழுமையாக உள்ளனவா என்பதை, எஞ்சின் ஓடுகிறதா என்பதற்கும் முன்பாகப் பார்க்கவேண்டும். ஓடாத எஞ்சினை ஓட வைக்கலாம். கிடைக்காத கண்ணாடியை எங்கே தேடுவது?

இனி, ஊரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மருத்துவர், நோயாளியின் ஊரையும் அவ்வூர்த் தண்ணீரையும் கேட்பது போல, வண்டியைச் சோதிப்பவரும் அது ஓடிய ஊரைக் கேட்கவேண்டும். இராணிப்பேட்டை, வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பகுதியில் அமைந்த தோல் தொழில் ஊர்களை நினைத்துப் பாருங்கள். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் கடினமும் மிக்கது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வண்டி நீண்ட நேரம் விரைந்து ஓடும். சற்றே விலகினால் ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள். வெப்பம், உப்பு, வேகம், மலை ஆகிய இந்நான்கும் ஒரு பழைய காரின் நான்கு உறுப்புகளைத் தனித்தனியே சோதிக்கின்றன.

முதலாவது, குளிரூட்டும் அமைப்பு. எஞ்சினுள் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும் பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய வெப்பத்தைச் சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திச்சென்று, முன்புறத்து ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. நீர் ஓடும் வழி அடைபட்டால் வெப்பம் எஞ்சினுள்ளேயே தங்கும்.

அவ்வழியை அடைப்பது எது? பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீரே. கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடேறும்போது அது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் ஏடு இதுவே. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் இதே ஏடு படிகிறது. அன்றியும், நீரிலுள்ள குளோரைடு, உலோகத்தின் மேல் இயல்பாக அமைந்துள்ள காப்புப் படலத்தைத் துளைத்து அரிப்பை விரைவுபடுத்துகிறது.

பாலாற்றுப் பகுதிக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அன்று. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதற்கு உப்பிடுவர்; பதனிடும் முன் அவ்வுப்பைக் கழுவி நீக்குவர். அக்கழிவு நீர் பல்லாண்டுகள் நிலத்திலும் ஆற்றிலும் சேர்ந்ததனால் கிணறுகள் உப்பாயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. அந்நீர் மனிதருக்கும் பயிருக்கும் செய்த கேட்டோடு ஒப்பிட்டால் காருக்குச் செய்யும் கேடு சிறிதே. எனினும், குடிக்க உதவாத நீர் ரேடியேட்டருக்கும் உதவாது என்பதை வாகனக்காரர் மறக்கலாகாது. ஆழ்குழாய்க் கிணற்று நீரை விட்டுவிட்டு, வாலை வடிநீரோடு கூலன்ட் எனப்படும் அரிப்புத் தடுப்பு நீர்மத்தைக் கலந்து ஊற்றுவதே முறை.

வாங்கும் முன் இதனைச் சோதிப்பது எளிது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் சீறும். உள்ளே துருநிறச் சேறோ வெள்ளை ஏடோ இருந்தால், நீர்வழி பல காலம் கவனிக்கப்படவில்லை என்று கொள்க. நீரின் மேல் எண்ணெய் மிதந்தாலோ, எஞ்சின் எண்ணெய் பாலும் காபியும் கலந்தாற்போல் வெளுத்திருந்தாலோ, சிலிண்டர்த் தலைக்கும் பிளாக்குக்கும் இடையேயுள்ள ‘ஹெட் கேஸ்கெட்’ பழுதாகி நீரும் எண்ணெயும் கலந்திருக்கின்றன என்பது பெரும்பாலும் உறுதி.

செலவு படிப்படியாக ஏறும் விதத்தை இங்கே காணலாம். வெடித்த ரப்பர்க் குழாயை அன்றே மாற்றினால் செலவு நூறுகளில் முடியும். அதை விட்டுவிட்டு எஞ்சினைக் கொதிக்க வைத்தால் கேஸ்கெட் போகும். தலையைக் கழற்றி, வளைவு நீங்க லேத் பட்டறையில் சமன் செய்யவேண்டும். செலவு ஆயிரங்களுக்கு ஏறும். அதன் பின்னும் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் உராய்ந்து இறுகும். முழு எஞ்சினையும் பிரிக்க நேரும். செலவு பல பத்தாயிரங்களைத் தொடும். மூன்று செலவுக்கும் மூலம் ஒரே ரப்பர்க் குழாய். இடையில் வேறுபட்டது, கவனித்த காலம் ஒன்றுதான்.

இரண்டாவது, துரு. பழைய லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் கீழே தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். கான்டெசாவில் அவ்வாறு தனிச் சட்டம் இல்லை. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து அமைத்த உடலே சட்டமும் ஆகும். ஆகவே கதவடிப் பகுதியிலோ, ஸ்பிரிங் தாங்கும் இடத்திலோ துரு பிடித்தால், அழகுக்கு நேர்ந்த குறை என்று அதைத் தள்ளிவிட முடியாது. எலும்பே அரிக்கப்படுகிறது என்று பொருள்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள உயிர்வாயுவும் வேண்டும். உப்புக் கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் அச்செயல் இன்னும் விரைகிறது. உப்பிட்ட ஈரத்தோல் ஏற்றிய வண்டியின் தரைத்தகட்டில் உப்புநீர் தேங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உப்பு நீரால் நாள்தோறும் கழுவப்படும் வண்டியும் அதே கதிக்கு ஆளாகும். தோல் தொழிலாளிக்கு உப்பு நண்பன். இரும்புத் தகட்டுக்கு அதுவே பகைவன்.

துருவை மறைப்பது எளிது. ஓட்டையில் பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் தெளித்தால் கண்ணுக்குத் தகடு போலவே தோன்றும். ஒரு சிறு காந்தம் அவ்வேடத்தைக் கலைத்துவிடும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். இரும்பு உள்ள இடத்தில் பற்றும். தடித்த பட்டி உள்ள இடத்தில் நழுவும். பிறகு தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும். பின்பெட்டியில் உபரிச் சக்கரம் கிடக்கும் குழியையும் பார்க்கவேண்டும். தகட்டை வெட்டி ஒட்டும் டிங்கர் வேலையில் பொருளின் விலை குறைவு, கூலியே மிகுதி. உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை வெட்டிப் பார்க்கும் வரை எவரும் சொல்ல இயலாது. எனவே பழைய காரின் செலவுகளில் கணக்குக்கு அடங்காதது இதுவே. எஞ்சின் கெட்ட வண்டியைத் துணிந்து வாங்கலாம். எலும்பு அரித்த வண்டியை வாங்கலாகாது.

மூன்றாவது, பிரேக். வண்டி ஓடாவிட்டால் நமக்குப் பண நட்டம். நிற்காவிட்டால் உயிர் நட்டம். ஆதலால் சோதனையில் இது மூன்றாவதாக வந்தாலும், செலவு செய்வதில் முதலாவதாகவே வரவேண்டும்.

பிரேக் மிதியை அழுத்தும்போது, குழாயிலுள்ள நீர்மம் அவ்வழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசெல்கிறது. பாஸ்கல் விதியை இங்கே செயலில் காண்கிறோம். அந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழ்கிறது. சூடேறி அது குழாய்க்குள் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். நீர்மத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியை எளிதில் சுருக்கலாம். ஆகவே மிதி தரைவரை அமுங்கும், சக்கரமோ நிற்காது.

ஏலகிரியிலிருந்து இறங்கும் வண்டியைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். வண்டியின் எடை 1,200 கிலோகிராம், இறங்கும் உயரம் 500 மீட்டர் என வைத்துக்கொள்வோம். எடையை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் 58,80,000 ஜூல் வருகிறது. ஏறத்தாழ 20 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது. பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் இதில் பெரும்பகுதி சக்கரங்களின் பிரேக்கிலேயே வெப்பமாக மாறவேண்டும். சிறு கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த வெப்பத்தின் ஒரு பங்கைத் தான் ஏற்கும். எந்தக் கியரில் மலை ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று ஓட்டுநர் கூறும் விதியின் காரணம் இது. பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவது பேதைமை.

சோதிக்கும் முறை: நின்ற வண்டியில் பிரேக் மிதியை ஒரு நிமிடம் ஒரே சீராக அழுத்திக்கொண்டிருங்கள். அது மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு உண்டு. வெற்றுச் சாலையில் மெதுவாக ஓட்டி மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரத்தின் பிரேக் மற்றதைப்போல் வேலை செய்யவில்லை. ரப்பர் வளையங்கள், இழைகள், நீர்மம் ஆகிய மூன்றையும் வாங்கியவுடனேயே புதிதாக்கிவிடுவது நலம். முற்காலத்தில் எஞ்சின் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்களைத் தோலால் செய்தனர். இன்று அவ்விடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்துக்கொண்டது. தோலாயினும் ரப்பராயினும் வெப்பத்தில் காய்ந்து இறுகும் இயல்பு ஒன்றே. ஓடாமல் நின்ற வண்டியின் வளையங்களும் கெடும். ‘வண்டி அதிகம் ஓடவே இல்லை’ என்று விற்பவர் பெருமையாகக் கூறினால் அதை முழு நற்சான்றாகக் கொள்ளவேண்டாம்.

நான்காவது, எஞ்சினின் உள்தேய்மானம். நெடுஞ்சாலை வேகம் இதனை வெளிப்படுத்தும். சைலன்சர் வழி வரும் புகையின் நிறம் ஒரு மொழி பேசுகிறது. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வுத் தண்டின் அடைப்புகளோ தேய்ந்தன. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. பெரும்பாலும் கார்புரேட்டரைச் சீர் செய்தால் போதும். எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை ஓயாமல் வந்தால், நீர் எரியறைக்குள் புகுகிறது. இம்மூன்றில் கரும்புகை சிறு செலவு. மற்ற இரண்டும் பெருஞ் செலவு.

இன்னும் உறுதியாக அறியவேண்டுமானால் மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் செய்யுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நன்று. ஒன்று மட்டும் குறைந்தால், அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால் குறை வளையத்தில் உள்ளது. எண்ணெய் அவ்விடைவெளியை அடைத்துவிட்டது. உயராவிட்டால் குறை வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கலாம். ஒரு கரண்டி எண்ணெய் தரும் இவ்விடை, எஞ்சினைப் பிரிக்கும் கூலியை மிச்சப்படுத்துகிறது.

பழைய எஞ்சின்களுக்கு எரிபொருளாலும் ஒரு தொல்லை உண்டு. முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது வால்வு அமரும் இருக்கையின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, அதைத் தேய்மானத்திலிருந்து காத்தது. ஈயம் மக்களின், அதிலும் குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்வதால், 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. நாட்டுக்கு அது நன்மையே. ஆனால் வார்ப்பிரும்பில் நேரே கடையப்பட்ட பழைய வால்வு இருக்கைகள், நீண்ட தூரம் வேகமாக ஓடும்போது மெல்லத் தேயக்கூடும். கடின உலோக வளையங்களை லேத் பட்டறையில் பதித்துக்கொள்வதே அதற்குத் தீர்வு. அடுத்து, பெட்ரோலில் எத்தனால் கலப்பது படிப்படியாக உயர்ந்து 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வகை ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்து கெடுக்கும். இற்றுப்போன பெட்ரோல் குழாய் சூடான எஞ்சினுக்கு மேல் கசிந்தால் தீ விபத்து நேரலாம். குறைந்த செலவில் மாற்றக்கூடிய குழாய் அது, தள்ளிப்போடலாகாதது.

கிளட்ச், கியர்ப் பெட்டி, புரொபெல்லர் ஷாஃப்ட், பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் ஆகியவற்றை ஓட்டிப் பார்த்தே அறியலாம். வேகம் கூட்டும்போது எஞ்சினின் ஒலி உயர்ந்து வண்டி அதற்கேற்ப விரையாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. புறப்படும்போது அடியில் ‘டங்’ என்ற ஓசை கேட்டால் ஷாஃப்டின் மூட்டுகள் தேய்ந்தன. ஓயாத ஊளை ஒலி பின்னாலிருந்து வந்தால் டிஃபரன்ஷியலைப் பார்க்கவேண்டும்.

இப்போது செலவுக் கணக்குக்கு வருவோம். பழுது பார்க்கும் செலவில் பொருள், கூலி, காலம் என மூன்று பகுதிகள் உண்டு. கிளட்ச் தட்டின் விலை ஒன்று. அதை அடைய கியர்ப் பெட்டியை இறக்கும் கூலி மற்றொன்று. பெட்டியை ஒருமுறை இறக்கினால், தட்டோடு அதன் பேரிங்கையும், எஞ்சினின் பின்புற எண்ணெய் அடைப்பையும் சேர்த்தே மாற்றிவிடுவது அறிவுடைமை. சிறு பொருளை மிச்சப்படுத்தி, ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுப்பவர் பலர். மேஸ்திரியிடம் ‘என்ன ஆகும்?’ என்று மட்டும் கேட்காமல், பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, கழற்றும்போதே வேறு எதை மாற்றலாம் என மூன்று கேள்வி கேட்கவேண்டும்.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி பளபளப்பானது. விலை 2,00,000 ரூபாய். அதற்குத் துரு வேலை 60,000, எஞ்சின் வேலை 80,000, பிரேக் 25,000 ஆகிறது. ஆக மொத்தம் 3,65,000. மற்றொன்றின் வண்ணம் மங்கியது. விலை 2,80,000 ரூபாய். அதற்கு பிரேக் 25,000, டயர் 20,000 ஆகிறது. ஆக மொத்தம் 3,25,000. முதல் விலையில் 80,000 ரூபாய் மலிவாகத் தோன்றிய வண்டி, இரண்டு விலையும் சேர்ந்தபோது 40,000 ரூபாய் மிகுதியாகிவிட்டது.

எரிபொருளும் இக்கணக்கில் சேரும். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 600 லிட்டர் வேண்டும். 8 கிலோமீட்டரே கொடுத்தால் 750 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் வேறுபாடு 15,000 ரூபாய். சீர்செய்யாத கார்புரேட்டரும், சக்கரத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் பிரேக்கும் ஆண்டுதோறும் இவ்வாறு வரி வாங்கும்.

அரசுக்குச் செலுத்தும் கட்டணமும் உண்டு. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் அது மேலும் உயர்ந்தது. பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் வண்டியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் பணம் கொடுக்கவேண்டாம். மல்லன் உருவத்துக்கு மல்லன் வலிமையும் வேண்டும் என்று விரும்பி, வேறு பேரெஞ்சினை உரிய அனுமதியின்றிப் பொருத்துவோரும் உண்டு. சட்டம் அதற்கு இடந்தருவதில்லை. ஐம்பது குதிரைத்திறனுக்கு அமைத்த பிரேக்கும் அச்சும் அதன் இருமடங்கைத் தாங்கும் என்ற உறுதியும் இல்லை.

ஆகவே செலவிடும் வரிசையை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். முதலில் நிறுத்துவன: பிரேக், டயர், ஸ்டியரிங். அடுத்து, தீயும் கொதிப்பும் வராமல் காப்பன: பெட்ரோல் குழாய், மின் கம்பிகள், குளிரூட்டும் அமைப்பு. மூன்றாவது, எலும்பைக் காப்பது: துரு நீக்கம். நான்காவது, எஞ்சினின் வலிமை. கடைசியில் வண்ணம். நடைமுறையில் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். வண்ணத்தில் தொடங்கி, பிரேக்குக்கு வரும்போது கையிருப்புத் தீர்ந்துபோகிறது. அப்போது யானையைக் கட்டித் தீனி போட முடியாதவன் நிலைதான் அவர்களுக்கும்.

பாலாற்று வழக்கில் நீதிமன்றம் எடுத்துரைத்த கோட்பாட்டை இங்கே மறுபடி எண்ணிப் பார்க்கலாம். கேடு செய்தவரே செலவை ஏற்பது நீதி. பழைய கார்ச் சந்தையில் அந்நீதி தானாக நடப்பதில்லை. முன்னவர் மாற்றாமல் விட்ட எண்ணெய்க்கும், ஊற்றிய உப்புநீருக்கும், பட்டி பூசி மறைத்த துருவுக்கும் பின்னவரே பணம் கொடுக்கிறார். அறியாமல் கொடுப்பதைத் தடுக்க ஒரே வழி, வாங்கும் முன் அக்கடனைக் கண்டுபிடித்து முதல் விலையில் கழித்துக்கொள்வது. ஒரு காந்தம், ஆறிய எஞ்சின், ஒரு மணி நேரம், நம்பகமான மெக்கானிக் ஒருவர்: இவ்வளவே அதற்கு வேண்டுவன.

வாங்கிய பின் ஒரு கடமை இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்த நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தப் பொருளை மாற்றினோம், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி வாருங்கள். ஓராண்டில் அது உங்களுக்கே ஆசிரியராகும். என்றேனும் வண்டியை விற்கும்போது சாவியோடு அப்புத்தகத்தையும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர் இருட்டில் இரண்டாம் விலை கொடுக்க நேராது.